குறுந்தகட்டுக்குள் ஒரு கருனி

2011-இல் தமிழக அரசு மாணவ மாணவியருக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் இருந்தது. டெபியன் லினக்சிலிருந்து சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கியது அது, 2007-இல் வெளிவந்தது. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பதால் நாமும் நமக்கேற்ற நிறுவல் குறுந்தகட்டை ஆக்கலாம்.

லினக்சின் உயிர் கருனி. ஆங்கிலத்தில் கெர்னல் என்பர். வன்தட்டு முதலிய உறுப்புகளை வேலை வாங்குவது அதுவே. புதுவகை வன்தட்டைப் பழைய கருனி அறியாவிடில், "தட்டே இல்லை" என்று கைவிரித்துவிடும். எனவே உரிய இயக்கியைச் சேர்த்துக் கருனியை மறுபடி தொகுக்கிறார்கள். அதைக் குறுந்தகட்டில் இரண்டு இடங்களில் வைக்க வேண்டும்: நிறுவும்போது ஓடுவது ஒன்று, கணினியில் பதிவது மற்றொன்று. முதலாவதை மட்டும் மாற்றினால் நிறுவல் இனிதே முடியும். மறுமுறை கணினியை இயக்கினாலோ பழைய கருனி விழித்து, வன்தட்டைக் காணாமல் திகைத்து நிற்கும்! கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒரு பள்ளியில் ஒரே வகைக் கணினிகள் 20 இருந்தால், இத்தகைய குறுந்தகடு ஒன்றே போதும்.