"குடிச்சிட்டுத்தானே கிடக்கான்!"



போன ஆடிக் கிருத்திகைக்கு கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலைக்கு பைக்கில் போனேன். சங்கராபுரம் தாண்டி ஒரு புளியமரத்துக்குக் கீழே ஒருத்தர் குப்புறக் கிடந்தார். கைலி விலகியிருந்தது, பக்கத்தில் ஒரு சைக்கிள் சாய்ஞ்சு கிடந்தது. எனக்கு முன்னால் போன காரும் நிற்கவில்லை, ரெண்டு பைக்கும் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. "குடிச்சிட்டு கிடக்கான்" என்று மனசு சொல்லிவிட்டது. அப்படிச் சொல்லிக்கொண்டால் நமக்கு அங்கே வேலையே இல்லை பாருங்கள்.

அரை கிலோமீட்டர் போயிருப்பேன். கருணாபுரம் ஞாபகம் வந்தது. வண்டியைத் திருப்பினேன்.

கருணாபுரம் கள்ளக்குறிச்சி டவுனுக்குள்ளேயே இருக்கிற பகுதி. 2024 ஜூன் மாசம் 18, 19 தேதிகளில் அங்கே விற்ற சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பெண்களும் உண்டு. கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் இடம் போதாமல் சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று அனுப்பினார்கள். குடித்தவர்கள் யார் யார் என்று வீடு வீடாகப் போய்த் தேட வேண்டியிருந்தது.

அந்த வாரம் வாட்ஸ்அப்பில் என்ன பேசினோம் என்று நினைத்துப் பார்க்கிறேன். "குடிச்சு செத்தவனுக்கு எதுக்கு 10 லட்சம்?" இதுதான் அதிகமா வந்தது. நானும் ஒரு குரூப்பில் அதை ஃபார்வர்ட் பண்ணினேன். மறைக்க விரும்பவில்லை.

பிறகுதான் மெத்தனால் உடம்புக்குள் என்ன செய்யும் என்று படித்தேன். குடித்த உடனே அது சாதாரண போதை மாதிரிதான் இருக்கும். கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், அப்புறம் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கெடுக்கும், மூச்சை இழுக்க வைக்கும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். அதனால் ராத்திரி குடித்தவர் மறுநாள் காலையில் வயிற்று வலி, வாந்தி, "கண்ணு மங்கலா தெரியுது" என்று தள்ளாடுவார். பார்க்கிறவர்களுக்கு இன்னும் போதை இறங்காத மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், அமிலமாக மாறுவதைத் தடுக்க மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. தூங்கி எழுந்தால் சரியாகிடும் என்று விட்டால் பார்வை போகும், உயிரும் போகும்.

சர்க்கரை குறைந்து மயங்கினவர், பக்கவாதம் வந்தவர், தலையில் அடிபட்டவர் எல்லோருமே குளறிப் பேசுவார்கள், தள்ளாடுவார்கள். ரோட்டில் நின்று பார்க்கிற நமக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, நிஜமாகவே குடித்தவராகவே இருக்கட்டுமே. நாம் கும்பிடுகிற அருணகிரிநாதர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தப்பான வழியில் போய், சொத்தை அழித்து, உடம்பெல்லாம் நோய் வந்து, வெறுத்துப் போய் திருவண்ணாமலை கோபுரத்தில் ஏறிக் குதித்தார் என்றுதான் பெரியவர்கள் சொல்கிறார்கள். முருகன் கீழே நின்று தாங்கிக்கொண்டான். "நீ எப்படி வாழ்ந்தாய்?" என்று விசாரித்துவிட்டா கை நீட்டினான்? விழும்போது பிடித்தான், உபதேசமெல்லாம் அப்புறம்தான். வல்லாள கோபுரத்துப் பக்கம் கோபுரத்து இளையனார் சன்னதியில் இன்றைக்கும் அதற்காகத்தான் கும்பிடுகிறோம். அன்றைக்கு நான் போய்க்கொண்டிருந்ததும் அந்தச் சன்னதிக்குத்தான். அந்த வெட்கத்தில்தான் பாதி வண்டியைத் திருப்பினேன்.

கிட்டே போனதும் வாடை வந்தது. குடித்தவர்தான். 108-க்குப் போன் பண்ணினேன். கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொன்னதால் இடம் சொல்வது சுலபமாக இருந்தது. "மூச்சு இருக்கா, கூப்பிட்டா முனகுறாரா?" என்று கேட்டார்கள். வாந்தி எடுத்திருந்தார். அப்படி இருந்தால் மல்லாக்கப் போடவே கூடாது, வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்து வைக்க வேண்டும். அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒன்றாகத் திரும்பணும், தனியாகச் செய்ய முடியாது. எதிரே டீக்கடை அக்காவைக் கூப்பிட்டேன். அவங்க தண்ணீர் பாட்டிலோடு வந்தாங்க. நினைவில்லாதவர் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, நான்தான் தடுத்தேன்.

"போலீஸ் கேஸ் ஆயிடும், போயிடு தம்பி" என்று ஒரு பெரியவர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தக் காலம் போய்விட்டது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்கான விதிமுறைகளை உறுதிசெய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவு சேர்த்தார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்கு வராது, பேர் சொல்லச் சொல்லியும் கட்டாயப்படுத்த முடியாது. நம்ம தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். இந்தச் செய்தியைத்தான் ஃபார்வர்ட் பண்ணணும்.

ஆம்புலன்ஸில் வந்த தம்பி அவர் தலைக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தார். கை முழுக்க ரத்தம். முடிக்குள் இருந்ததால் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து கல்லில் அடிபட்டிருக்கணும்.

"உங்க சொந்தக்காரரா அண்ணா?"

"இல்லப்பா, ரோட்டுல பார்த்தேன். குடிச்சிருக்கார், அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

அதை மறைக்காமல் சொல்லணும், சிகிச்சையே அதைப் பொறுத்துத்தான். வேறெதுவும் அவர் கேட்கவில்லை. சைக்கிளை டீக்கடை அக்கா கடைக்குப் பின்னால் நிறுத்தி வைத்தாங்க.

நான் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது அபிஷேகம் முடிந்து திரை போட்டிருந்தார்கள். வெளியே உட்கார்ந்து காத்திருந்தேன்.

முருகா சரணம்.