தாமே எழுதிய வழக்கு ஏன் திரும்பி வருகிறது?

கல்முனைக் கரையோரத்தில் மக்களோடு நாம் அமர்ந்து பேசும்போது, "கதையைக் கேட்காமலே பத்திரத்தைத் திருப்பித் தந்துட்டாங்க" என்ற ஆதங்கம் அடிக்கடி எழுகிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசின்றி, தாமே எழுதியோ, பெட்டிசம் எழுதுபவரைக் கொண்டு எழுதுவித்தோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இவர்கள்.

தாமே வழக்காடுவதற்குத் தடையில்லை. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 24ஆம் பிரிவில் அதற்கு இடமளிக்கிறது. சிக்கல் எழுதும் முறையிலேயே இருக்கிறது. நம் மக்கள் அறிந்த முறைப்பாடு பொலிசில் கொடுப்பது. மனத்தில் பட்டதையெல்லாம் அங்கே சொல்லலாம். காதி நீதிமன்றத்திலோ சட்டத்தரணி தோன்றவே முடியாது. அவரவர் வாயாலேயே பேசுகிறார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் முதலில் பேசுவது எழுத்து.

ஓர் உதாரணம் எடுப்போம். மருதமுனை நெசவாளர் ஒருவர் கடைக்காரருக்கு 100 சாரன்களைக் கடனுக்குக் கொடுக்கிறார். பணம் வரவில்லை. அவர் எழுதுகிறார்: "இவர் அல்லாஹ்வுக்குப் பயமில்லாதவர். என் பிள்ளைகள் பட்டினி. இவருடைய தம்பியும் என்னை ஏசினார். எனக்கு நீதி வேண்டும்." எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எப்போது கொடுத்தார், என்ன விலைக்கு, எப்போது பணம் தரவேண்டியிருந்தது, எவ்வளவு கேட்கிறார் என்பது எங்கே? 40ஆம் பிரிவு கேட்பது இவற்றைத்தான்: இரு தரப்பாரின் பெயரும் வதிவிடமும், வழக்குக்கான காரணம் எங்கே, எப்போது எழுந்தது என்ற சுருக்கமான கூற்று, கோரும் நிவாரணம். இன்ன திகதியில் இன்ன விலைக்கு விற்று ஒப்படைத்தேன், இன்ன நாளில் தருவதாகச் சொன்னார், கேட்டும் தரவில்லை, இன்ன தொகைக்குத் தீர்ப்புக் கோருகிறேன் என்று இலக்கமிட்டு எழுதினால் நான்கு பந்திகளில் முடிந்துவிடும். தம்பி ஏசியது இந்த வழக்குக்கு வேண்டாம்.

காணி வழக்கென்றால் 41ஆம் பிரிவின்படி நான்கு எல்லைகளையும் காட்டவேண்டும், அல்லது வரைபடம் இணைக்கவேண்டும். "பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள வளவு" போதாது. 2004 சுனாமியில் உறுதியை இழந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி தேடலாம்.

குறைபாடுள்ள பத்திரத்தை ஏற்க மறுக்கவும், திருத்துவதற்குத் திருப்பிக் கொடுக்கவும் 46ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. குறித்த தவணைக்குள் திருத்தாவிட்டால் நிராகரிக்கப்படும். நிராகரித்தாலும், அதே காரணத்தின் பேரில் புதிதாகத் தாக்கல் செய்யலாம். பலர் இதை அறியாமல் எல்லாம் முடிந்ததென்று வீட்டிலிருந்துவிடுகிறார்கள். இங்கேதான் ஆபத்து. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, விற்று ஒப்படைத்த பொருளின் பணத்துக்கு ஒரு வருடத்துக்குள் வழக்கிடவேண்டும். எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு. நெசவாளர் மனமுடைந்து இருக்கும் மாதங்களிலும் அந்த ஒரு வருடம் ஓடிக்கொண்டேயிருக்கும். கடைக்காரர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டிருந்தால் அது பெரிய துணை.

நீதிமன்றங்கள் இரக்கமற்றவை என்றும் நாம் சொல்லமாட்டோம். 1936இல் வேலுப்பிள்ளை என்பவர் யாழ்ப்பாண நகர மாவட்டச் சபையை விட்டு, அதன் தலைவரின் மேல் வழக்கிட்டிருந்தார். பிழையைத் திருத்த உயர் நீதிமன்றம் இடமளித்தது. இது நீதிமன்றமேயன்றிச் சட்டக் கல்விக்கூடமல்ல என்றார் பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ். ஆயினும் 1991 முதல் வந்த திருத்தங்கள், வழக்கு முற்றிய பின் திருத்துவதைக் கடினமாக்கியுள்ளன.

சிறு தொகைப் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும். அங்கு தீராவிட்டால் கிடைக்கும் சான்றிதழின்றி நீதிமன்றம் வழக்கை ஏற்காது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியவருக்கு உதவுகிறது. பத்திரம் திரும்பி வந்தவர் அங்கு போகுமுன் பதிவாளர் அலுவலகத்தில் இரண்டைக் கேட்டறியட்டும்: திருத்தத் தந்தார்களா, நிராகரித்தார்களா? தவணை எந்தத் திகதி?