எந்தப் பரிசோதனை? எதற்காக?

ஆங் மோ கியோ பலதுறை மருந்தகத்தில் தாத்தாவும் பேத்தியும் மருத்துவரின் முன் அமர்ந்திருந்தனர். தாத்தாவுக்கு வயது 66. நெருங்கிய நண்பர் பெருங்குடல் புற்றுநோயால் இறந்ததிலிருந்து அவர் சரியாக உறங்குவதில்லை.

“டாக்டர், எனக்கு எல்லா இரத்தப் பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். இருபது என்றாலும் பரவாயில்லை,” என்றார் தாத்தா.

“ஐயா, பரிசோதனைகள் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைக்கிறீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். நலமாக உள்ள 100 பேரில் 95 பேரின் அளவு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ, அதையே ஆய்வுக்கூடங்கள் பொதுவாக ‘இயல்பான அளவு’ என்கின்றன. மற்ற 5 பேருக்கு நோய் இல்லாவிட்டாலும் முடிவு மாறுபட்டிருக்கும். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் செய்தால், நலமாக இருப்பவருக்கும் ஒரு முடிவாவது மாறுபட்டு வர ஏறத்தாழ 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பிறகு மறுபரிசோதனை, செலவு, வீண் கவலை!”

“புற்றுநோயைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இருக்கிறதாமே?”

“சிஇஏ என்று ஒன்று உண்டு. பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களைக் கண்காணிக்க அது உதவும். ஆனால், புகைபிடிப்பவர்களுக்கு நோய் இல்லாமலேயே அந்த அளவு கூடலாம். தொடக்கநிலைப் புற்றுநோய் இருந்தும் கூடாமல் போகலாம். எனவே, அறிகுறி இல்லாதவர்களுக்கு நோய் இருக்கிறதா என்று கண்டறிய அதைப் பரிந்துரைப்பதில்லை.”

“அப்படியென்றால் தாத்தாவுக்குப் பரிசோதனையே வேண்டாமா, டாக்டர்?” என்று பேத்தி கேட்டாள்.

“கட்டாயம் வேண்டும். 50 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் அது காட்டும். கசிவு இருந்தால், குழாய் போன்ற கருவியைச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்ப்போம். பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டி இருந்தால் அப்போதே அகற்றிவிடலாம்.”

தாத்தா தலைகுனிந்தார். அந்தச் சோதனைக் கருவி சென்ற ஆண்டே அவருக்குக் கிடைத்திருந்தது. அருவருப்பாக இருந்ததால் அலமாரியில் போட்டுவிட்டார்.

2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்த, 40 வதும் அதற்கு மேற்பட்ட வயதும் உடைய சிங்கப்பூரர்களுக்கு, தேசிய அளவில் பரிந்துரைக்கப்படும் நோய்கண்டறியும் பரிசோதனைகள் இலவசம். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொழுப்புச்சத்து ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் அவற்றுள் சில. யாருக்கு எது தேவை என்பது வயதையும் பாலினத்தையும் பொறுத்தது.

“எந்தப் பரிசோதனைக்கு முன்பும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது எதற்காக? முடிவு தெரிந்தபின் என்ன செய்யப்போகிறோம்? இவற்றுக்கு விடை இல்லையென்றால் அந்தப் பரிசோதனை தேவைதானா என்று யோசிக்க வேண்டும்,” என்றார் மருத்துவர்.

பேத்தி புதிய சோதனைக் கருவி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். தாத்தா அதை அவளிடமிருந்து வாங்கித் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“இந்த முறை அலமாரிக்குப் போகாதம்மா,” என்றார்.