கூகுளுக்குத் தெரியாத தேவார வகுப்பு

போன நவராத்திரியில் கோயிலில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் அக்கா வரிசையை விட்டு வந்து கேட்டார்: "தம்பி, இங்க பிள்ளைங்களுக்குத் தேவார வகுப்பு நடக்குதா? நாங்க தோட்டத்திலேருந்து பாச்சாங்குக்கு வீடு மாறி வந்து ஏழு மாசம் ஆச்சு. போன்ல எத்தனையோ தடவை தேடிட்டேன், ஒன்னும் வரலையே."

எனக்குச் சுருக்கென்றது. வகுப்புக்கு அகப்பக்கம் செய்து கொடுத்தவனே நான்தான். பொறியியல் படிக்கிற பையன் என்று நம்பி பிப்ரவரியில் ஒப்படைத்தார்கள். பதிகங்களின் ஒலிப்பதிவு, படம், நேரம் எல்லாம் போட்டிருந்தேன். ஆனால் பிள்ளைகள் பதினொரு பேரிலிருந்து ஆறாகக் குறைந்துவிட்டார்கள். "அடுத்த வருஷமும் நடத்தணுமா?" என்று ஆசிரியை கேட்கத் தொடங்கியிருந்தார்.

அன்றிரவே பார்த்தேன். நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். கூகுளில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் அகப்பக்க முகவரியை எழுதுங்கள். கூகுள் தெரிந்து வைத்திருக்கும் பக்கங்கள் வரும். எங்களுக்கு ஒரு பக்கம்கூட வரவில்லை.

கணினியில் பக்கத்தைத் திறந்து 'கண்ட்ரோல்' விசையோடு 'யூ' அழுத்தினால் அதன் நிரல் தெரியும். மேலே 'ஹெட்' என்ற பகுதி. படிக்க வருகிறவர் கண்ணில் அது படாது. உலாவிக்கும் தேடுபொறிக்கும் எழுதும் குறிப்புகள் அங்கேதான் இருக்கும். அவற்றைத்தான் மெட்டா டேக் என்கிறோம். அதில் 'ரோபாட்ஸ்' என்று ஒரு வரி, அதற்குள் 'நோஇண்டெக்ஸ்'. அதாவது, "இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே." எழுதியது யார்? நான்தான். வேர்ட்பிரஸில் 'செட்டிங்ஸ்' போய் 'ரீடிங்' பகுதியில், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் உண்டு. வேலை முடியும்வரை இருக்கட்டும் என்று டிக் போட்டேன். எடுக்க மறந்துவிட்டேன். எட்டு மாதம்!

டிக்கை எடுத்ததும் உடனே வந்துவிடாது. கூகுள் திரும்ப வந்து பக்கத்தைப் படிக்க வேண்டும். 'சர்ச் கன்சோல்' என்ற இலவசக் கருவியில் பதிந்து, இந்தப் பக்கத்தைப் பார் என்று கேட்கலாம். எங்களுக்குச் சில நாள் பிடித்தது.

அடுத்த தப்பு டைட்டில். கண்டிப்பாகச் சொன்னால் அது மெட்டா டேக் இல்லை, ஆனால் அதே ஹெட் பகுதியில் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் அதுதான் முக்கியம். தேடலில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் அதுவே. நான் அதில் 'முகப்பு' என்று மட்டும் விட்டிருந்தேன். யார் 'முகப்பு' என்று தேடுவார்கள்? இப்போது 'பாச்சாங் தேவார வகுப்பு, மலாக்கா' என்று இருக்கிறது. மலாக்கா என்பதைச் சும்மா சேர்க்கவில்லை. மலாயில் பாச்சாங் ஒரு வகை மாமரத்தின் பெயர். மூங்கில் இலையில் கட்டும் சீனர்களின் பலகாரத்துக்கும் அந்தப் பெயர் வரும். ஊரைச் சொல்லாவிட்டால் மாம்பழத்தோடு போட்டி போட வேண்டும்.

எழுத்திலும் சிக்கல் உண்டு. 1972இல் மலாய் எழுத்துமுறை மாறியபோது 'சி, எச்' என்ற இரண்டு எழுத்து 'சி' மட்டுமாக ஆனது. பாச்சாங்கை இன்றும் இரண்டு மாதிரியும் எழுதுகிறார்கள். தேவாரத்தை 'டி'யில் தொடங்குபவர்களும் உண்டு, 'டி எச்'சில் தொடங்குபவர்களும் உண்டு. நம்மில் பலர் தமிழைத் தமிழ் எழுத்தில் தட்டுவதே இல்லை, ஒத்துக்கொள்வோம். அதனால் தமிழ் எழுத்தோடு இந்த ஆங்கில எழுத்துகளும் பக்கத்தின் வாசகத்தில் இயல்பாக வரும்படி எழுதினேன்.

இதையெல்லாம் மெட்டா 'கீவேர்ட்ஸ்' வரியில் கொட்டினால் போதாதா என்று நண்பன் கேட்டான். போதாது. அந்த வரியை வரிசைப்படுத்தப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்து தருகிறேன் என்று யாராவது ஆலயத்துக்கு வந்தால் யோசியுங்கள்.

'டெஸ்கிரிப்ஷன்' வேறு. அதுவும் தேடலில் உங்களை மேலே தூக்காது. ஆனால் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரியாகக் கூகுள் அதை எடுத்துக் காட்டலாம். ஆள் உள்ளே வருவதும் தாண்டிப் போவதும் அந்த இரண்டு வரியில்தான். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கக் கொல்லர் தெருவில் உள்ள பொய்யாத விநாயகர் ஆலயம் 1781இல் டச்சுக்காரர் காலத்தில், மலாக்கா செட்டி சமூகத்தின் தலைவர் தைவநாயகம் செட்டி கட்டியது. அதற்கு ஒரு பக்கம் செய்தால் "எங்கள் ஆலயத்திற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்றா எழுதுவது? ஆண்டு, தெருப் பெயர், நடைதிறக்கும் நேரம், மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும் ரதம், இவை போதும். 'பொய்யாத' என்பதை ஆங்கிலத்தில் ஒரு 'ஒய்' போட்டும் இரண்டு போட்டும் எழுதுகிறார்கள். வாசகத்தில் இரண்டும் வரட்டும்.

இன்னொன்று, நாம் எல்லாரும் செய்வது: திருவிழா நேரத்தைப் போஸ்டராக, வெறும் படமாகப் போட்டுவிடுவது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்க வேண்டாம். அதே விவரத்தைக் கீழே தட்டச்சு செய்துவிடுங்கள். புலனத்தில் இணைப்பை அனுப்பும்போது வரும் சின்னப் படமும் தலைப்பும் 'ஓஜி' என்று தொடங்கும் டேக்குகளிலிருந்து வருபவை. அதையும் நிரப்பினேன். அதன்பிறகு அம்மாக்கள் குழுக்களில் இணைப்பு நன்றாகவே சுற்றியது.

இப்போது ஒன்பது பிள்ளைகள். மூன்று பேர் தேடலில் பார்த்து வந்தவர்கள். அந்த அக்காவின் சின்ன மகள் முதல் வரிசையில் உட்கார்ந்து சத்தமாகப் பாடுகிறாள். மூத்தவனுக்கு இப்போது படிவம் ஒன்று. போன வருஷம் ஆறாம் ஆண்டில் இருந்தபோது வருவதற்கு ஆசைப்பட்டானாம். இப்போது கூப்பிட்டால், "சின்னப் பிள்ளைங்களோட உட்கார வெட்கமா இருக்கு" என்கிறான்.