கடலடிக் கேபிளுக்குக் காவல்

கேள்வி: மின்கேபிள் அறுந்தால் லைன்மேனைத்தானே கூப்பிட வேண்டும்? நேட்டோ போர்க்கப்பல்கள் எதற்கு?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேபிள் கிடப்பது கடலுக்கடியில் ஆயிற்றே! 2024 கிறிஸ்துமஸ் அன்று பின்லாந்தையும் எஸ்டோனியாவையும் இணைக்கும் 650 மெகாவாட் எஸ்ட்லிங்க்-2 கேபிள் சேதமானது. ரஷ்ய எண்ணெய் ஏற்றிவந்த ‘ஈகிள் எஸ்’ கப்பல் மீது சந்தேகம். பின்லாந்து அதிகாரிகள் ஹெலிகாப்டரில் இறங்கி அதை மடக்கினார்கள். பார்த்தால், ஒரு நங்கூரத்தைக் காணோம்! கடல் தரையை அது பல கிலோமீட்டர் கீறிக்கொண்டு போன தடம் மட்டும் கிடைத்தது. நங்கூரத்தைப் பிறகு கடலடியிலிருந்து எடுத்தார்கள்.

நேரம்தான் உறுத்துகிறது. எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் சோவியத் காலத்திலிருந்து ரஷ்ய மின்தொகுப்போடு பிணைந்திருந்தன; அதன் கட்டுப்பாடு மாஸ்கோ கையில். அதை உதறிவிட்டு 2025 பிப்ரவரி 9 அன்று போலந்து வழியாக ஐரோப்பியத் தொகுப்பில் சேர்ந்தன. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே, இத்தகைய கேபிள்களைக் காக்க ‘பால்டிக் சென்ட்ரி’ என்ற பெயரில் நேட்டோ கப்பல்களும் விமானங்களும் ரோந்து கிளம்பிவிட்டன.

சதி என்று நிரூபணம் ஆகவில்லை, மாலுமிகள் மறுத்தார்கள். சேதம் பின்லாந்தின் கடல் எல்லைக்கு வெளியே நடந்ததால் தனக்கு அதிகாரமில்லை என்று ஹெல்சிங்கி நீதிமன்றம் 2025 அக்டோபரில் வழக்கைத் தள்ளுபடி செய்தது.