நான்காவது நாற்காலி

பெரும்பான்மையோர் சொல்வதே முடிவு என்பது நம் மாணவர்களுக்குச் சிறு வகுப்பிலேயே பழகிய செய்தி. வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கை தூக்கச் சொல்லி எண்ணிவிடுகிறோம். அங்கே எல்லாக் கைகளும் எல்லார் கண்ணிலும் படுகின்றன. ஒருவர் தூக்கிய கையை மற்றவர் பார்க்க முடியாவிட்டால்? பல கணினிகள் சேர்ந்து ஒரே முடிவுக்கு வரவேண்டிய இடங்களில் இதுதான் சிக்கல். பதினொன்றாம் வகுப்பில் இதை நான் துண்டுச்சீட்டுகளை வைத்தே நடத்துகிறேன். கணினி ஆய்வகம் தேவையில்லை. எட்டாம் வகுப்பிலும் செய்யலாம்.

மூன்று மாணவர்களை மூன்று மூலைகளில் உட்கார வையுங்கள். ஒருவர் தளபதி, இருவர் படைத்தலைவர்கள். தளபதி 'தாக்கு' அல்லது 'பின்வாங்கு' என்று எழுதி இருவருக்கும் தனித்தனிச் சீட்டு அனுப்புவார். நாம் மேசையைத் தட்டியதும் படைத்தலைவர்கள் 'எனக்கு வந்தது இது' என்று எழுதித் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். மறுபடி தட்டியதும் முடிவைச் சொல்ல வேண்டும். மூவரில் ஒருவர் துரோகி; அவர் யாரென்று அவர் காதில் மட்டும் சொல்லிவிடுவோம். நேர்மையான படைத்தலைவர்கள் எல்லாரும் ஒரே முடிவு எடுக்க வேண்டும். தளபதி நேர்மையானவர் என்றால் அவர் கட்டளையே அந்த முடிவாக இருக்க வேண்டும்.

இப்போது ஒரு படைத்தலைவரின் கையில் தளபதியின் சீட்டு 'தாக்கு' என்கிறது. தோழனின் சீட்டு 'எனக்குப் பின்வாங்கு என்று வந்தது' என்கிறது. தளபதி இருவருக்கும் மாற்றி அனுப்பியிருக்கலாம், தோழன் புளுகியிருக்கலாம். இரண்டிலும் இவர் கையில் இருப்பது அதே இரண்டு சீட்டுகள்தான். "தளபதி சொன்னதையே செஞ்சுட்டா போச்சு" என்று யாராவது சொல்வார்கள். தளபதியே துரோகியாக இருக்கும் சுற்றை உடனே ஆடிக் காட்டுங்கள்: ஒருவர் தாக்குவார், மற்றவர் ஓடுவார்.

அடுத்து நான்காவது நாற்காலியைப் போடுங்கள். இப்போது படைத்தலைவர்கள் மூவர். ஒவ்வொருவர் கையிலும் மூன்று சீட்டுகள். அவற்றில் எது அதிகமோ அதுவே முடிவு. படைத்தலைவர்களில் ஒருவர் பொய்யரானால், மற்ற இருவருக்கும் தளபதியின் சீட்டும் நேர்மையான தோழனின் சீட்டும் ஒத்துப்போகும், பொய் தோற்கும். தளபதியே பொய்யரானால், மூவரும் நேர்மையாகப் பரிமாறிக்கொள்வதால் மூவர் கையிலும் ஒரே மூன்று செய்திகள், முடிவும் ஒன்றே. இதை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதில்லை. பிள்ளைகளே சீட்டுகளைப் பரப்பி எண்ணட்டும்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பழுதான கருவியின் மின்னழுத்தம் 0-க்கும் 1-க்கும் நடுவில் தொங்கினால், அதை ஒரு கணினி 0 என்றும் இன்னொன்று 1 என்றும் படிக்கக்கூடும். இது வேண்டுமென்று சொன்ன பொய் அல்ல, விளைவு அதுவே. விமானத்தை ஓட்டும் கணினிகளுக்குள் இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று 1970களில் அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் நாசாவுக்காக ஆராய்ந்தார்கள். பீஸ், ஷோஸ்டாக், லாம்போர்ட் மூவரும் 1980இல் விடையை வெளியிட்டார்கள்: ஒரு பொய்யரைத் தாங்க நால்வர், இருவரைத் தாங்க எழுவர் வேண்டும். 1982இல் அதையே பைசாந்தியத் தளபதிகளின் கதையாக எழுதினார்கள். லாம்போர்ட் முதலில் நினைத்தது அல்பேனியத் தளபதிகளை. அல்பேனியர்கள் மனம் வருந்தக்கூடும் என்று பெயர் மாறியது.

பொய் சொல்லாமல் வெறுமனே நின்றுபோகும் கணினி என்றால் இவ்வளவு பேர் வேண்டாம். மூன்றில் ஒன்று நின்றாலும் மீதி இரண்டும் பெரும்பான்மைதான். தகவல் தளங்களில் பயன்படும் பாக்சோஸ், ராஃப்ட் முறைகள் இதன்மேல் நிற்கின்றன.

மேசை தட்டுவதை விட்டுவிடாதீர்கள். அந்த ஓசைதான் 'இதற்குள் சீட்டு வந்திருக்க வேண்டும்' என்ற கெடு. கெடுவே இல்லையென்றால், வராத சீட்டு வழியில் தாமதமா, அனுப்பியவர் நின்றுவிட்டாரா என்று சொல்ல வழியில்லை. ஒரே ஒரு கணினி நின்றுபோகக்கூடும் என்றாலும், அந்நிலையில் எப்போதும் முடிவுக்கு வந்தே தீரும் உறுதியான வழிமுறை எதுவும் இல்லை என்று ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் 1985இல் நிறுவினார்கள். தட்டாமல் ஒரு சுற்று ஆடினால் பிள்ளைகளுக்கே அது புரிந்துவிடும்.

மூவர் ஆட்டத்தின்போது என் வகுப்பில் ஒரு மாணவி, "தளபதி கையெழுத்துப் போட்ட சீட்டையே காட்டச் சொன்னா என்ன டீச்சர்?" என்று கேட்டாள். 1982 கட்டுரையில் இந்த வழியும் இருக்கிறது. கையெழுத்தை யாரும் போலி செய்ய முடியாதென்றால் மூவரே போதும். அன்றைய மீதிப் பாடவேளை முழுதும், கணினிக்குக் கையெழுத்து எப்படி இருக்கும் என்ற விவாதத்திலேயே போனது.