ஒரு நிமிடத்தில் என் பொழுதுபோக்கு

கீழ்க்காணும் பகுதியை வாசித்துப் புரிந்துகொள்க.

“உன் பொழுதுபோக்கு என்ன?” வீட்டில் மாமாவோ அத்தையோ இப்படிக் கேட்டால் நாம் தயங்காமல் பதில் சொல்லிவிடுவோம். அதே கேள்வியை எஸ்.பி.எம். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேர்வாளர் கேட்கும்போது மாணவர் பலருக்கு நா எழுவதில்லை. கேள்வி எளியதுதான். மொழியும் ஆண்டுக்கணக்கில் படித்த மொழிதான். ஆனாலும், ‘என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது?’ என்ற எண்ணம் வாயை அடைத்துவிடுகிறது. மலாக்கா மாநிலத்தின் ஜாசின், மெர்லிமாவ், பெம்பான் போன்ற ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வளரும் தமிழ் மாணவர்களுக்கு இந்தத் தயக்கம் புதிதன்று. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய், வகுப்பில் மட்டும் ஆங்கிலம் என்று வாழ்பவர்கள் அவர்கள். அந்தத் தயக்கத்தைக் கடக்கும் வழியை இப்பகுதியில் காண்போம்.

தேர்வின் அமைப்பு

எஸ்.பி.எம். ஆங்கிலப் பாடத்தில் 4 தாள்கள் உள்ளன. அவற்றுள் மூன்றாம் தாள் பேச்சுத் தேர்வு. 2021ஆம் ஆண்டுத் தேர்வு முதல் இத்தாள்கள் ஐரோப்பியப் பொதுமொழிக் கட்டமைப்பின் தரநிலைகளுக்கு ஏற்ப அமைந்துள்ளன. பேச்சுத் தேர்வில் மாணவர் இருவர் இணையாக அமர்வர். ஒரு தேர்வாளர் கேள்வி கேட்பார். மற்றொருவர் செவிமடுத்து மதிப்பிடுவார். தேர்வு ஏறத்தாழ 13 நிமிடங்கள் நடைபெறும்.

இத்தேர்வு மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதியில் மாணவர் தம்மைப் பற்றிய எளிய கேள்விகளுக்குப் பதிலளிப்பர். குடும்பம், பள்ளி, ஓய்வுநேரம் போன்றவை இதில் இடம்பெறும். இரண்டாம் பகுதியில் தலைப்பும் குறிப்புகளும் அடங்கிய அட்டை ஒன்று வழங்கப்படும். 20 விநாடிகள் சிந்தித்து, ஒரு நிமிடம் தனியாகப் பேசவேண்டும். மூன்றாம் பகுதியில் இருவரும் கலந்துரையாடி ஒரு முடிவுக்கு வரவேண்டும். பொழுதுபோக்கு என்னும் தலைப்பு இம்மூன்று பகுதிகளில் எதிலும் வரக்கூடும்.

இலக்கணம், சொல்வளம், கருத்துப் பரிமாற்றத் திறன், ஒட்டுமொத்தப் பேச்சு ஆகியவற்றுக்கே புள்ளிகள் வழங்கப்படுகின்றன. உங்கள் பொழுதுபோக்கு உயர்ந்ததா, விலையுயர்ந்ததா என்பதற்குப் புள்ளி இல்லை. பியானோ வாசிப்பவருக்கும் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்ப்பவருக்கும் அளவுகோல் ஒன்றே.

மனனம் கைகொடுக்குமா?

தேர்வுக்கு முன் சிலர் ஓர் ஆயத்தப் பதிலை மனனம் செய்துகொள்வர். ‘என் பொழுதுபோக்கு நூல் வாசிப்பது. வாசிப்பு அறிவை வளர்க்கும்’ என்பது அவற்றுள் ஒன்று. தேர்வாளர் அடுத்து, “அண்மையில் வாசித்த நூல் எது? அதில் உனக்குப் பிடித்த பாத்திரம் யார்?” என்று கேட்டால், வாசிக்காதவர் என்ன சொல்வார்? மனனம் செய்த பதில் முடிந்த இடத்திலேயே பேச்சும் முடிந்துவிடும். உண்மையிலேயே வாசிப்பவருக்கோ அந்தக் கேள்வி ஒரு வாய்ப்பு.

ஆகவே, தேர்வில் சொல்வதற்கென ஒரு பொழுதுபோக்கைத் தேடி அலையவேண்டாம். நீங்கள் கையால் செய்து, கண்ணால் கண்டு, சில வேளைகளில் தோற்றும் பழகிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் மட்டுமே எத்தனை கேள்வி வந்தாலும் பதில் தீராது.

நம்மிடம் உள்ளவை

நம் ஊர்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் எல்லையாக ஓடும் கெசாங் ஆற்றில் தூண்டில் போடுவோர் உள்ளனர். மாலையில் திடலில் கபடி ஆடுவோர், சிலம்பம் பழகுவோர், கோவில் திருவிழாவுக்காக உறுமி மேளம் பயில்வோர், விடியலில் வாசலில் கோலமிடுவோர் எனப் பலர் உள்ளனர். இவை ‘வீட்டு வேலை’ என்றோ ‘சும்மா செய்வது’ என்றோ நாம் ஒதுக்கிவிடுகிறோம். பொழுதுபோக்குப் பட்டியலில் இவற்றைச் சேர்ப்பதில்லை.

‘ஹாபி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. அச்சொல் முதலில் ஒரு சிறு குதிரையைக் குறித்தது. பின்னர்ச் சிறுவர்கள் ஏறி விளையாடும் பொய்க்குதிரைக்குப் பெயரானது. அந்தப் பொய்க்குதிரை எங்கும் கொண்டுசேர்ப்பதில்லை. ஆனாலும் ஏறியவனுக்கு இன்பம் தருகிறது. பயன் கருதாமல் விருப்பத்தினால் செய்வதே பொழுதுபோக்கு என்னும் பொருள் அதிலிருந்தே பிறந்தது.

பொருள் சேகரிப்பும் அத்தகையதே. அஞ்சல்தலை சேகரிக்கும் மாணவி ஒருத்தி மலாக்காவின் வரலாற்றையே சொல்லலாம். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1867இல் முதன்முதலாகத் தனி அஞ்சல்தலைகள் வெளியிடப்பட்டன. அவை புதிதாக வரையப்பட்டவை அல்ல. இந்திய அஞ்சல்தலைகளின்மேல் மகுடமும் காசு மதிப்பும் அச்சிடப்பட்டவை. இத்தகைய ஒரு செய்தியே ஒரு நிமிடப் பேச்சைக் கேட்போர் மனத்தில் நிறுத்திவிடும்.

தோட்டத்துப் பழம்பொருள்களைச் சேகரிப்பதும் சிறந்த பொழுதுபோக்கே. டான் சே யான் என்பவர் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். நாட்டின் வணிக ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். பின்னர் ஜாசின் வட்டாரத்தின் புக்கிட் அசகானிலும் ரப்பர் பரவியது. இன்று பல இடங்களில் செம்பனை நிற்கிறது. பால்மரம் வெட்டிய பாட்டியின் உளியும் மங்கும் பால் வாளியும் சில வீடுகளின் பின்கட்டில் கிடக்கின்றன. அவற்றைத் துடைத்து வைத்து, ஒவ்வொன்றின் கதையையும் பாட்டியிடம் கேட்டு எழுதும் மாணவருக்குப் பேசப் பொருள் குறையுமா?

ஒரு நிமிடப் பேச்சு

ஒரு நிமிடத்திற்குப் பத்து வாக்கியங்கள் அளவு போதும். 20 விநாடிகளில் முழு வாக்கியங்களை ஆயத்தம் செய்ய இயலாது. ‘யார், எங்கே, எப்படி, ஒரு நிகழ்ச்சி, ஏன்’ என ஐந்து புள்ளிகளை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளலாம். மீன்பிடிக்கும் மாணவர் ஒருவர் பின்வருமாறு பேசுவதாகக் கொள்வோம்.

“என் பொழுதுபோக்கு மீன்பிடித்தல். பத்து வயதில் என் தாத்தா இதைக் கற்றுக்கொடுத்தார். நான் சனிக்கிழமைகளில் அப்பாவுடன் கெசாங் ஆற்றுக்குப் போகிறேன். நாங்கள் முள்ளில் மண்புழுவைக் கோக்கிறோம். பிறகு தக்கையைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கிறோம். கடந்த விடுமுறையில் ஒரு பெரிய கெளுத்தி சிக்கியது. நான் அவசரமாக இழுத்தேன்; நூல் அறுந்தது. அப்பா சிரித்தார். அன்று பொறுமை என்றால் என்ன என்று புரிந்தது. அடுத்த ஆண்டு என் தம்பிக்கு இதைக் கற்றுக்கொடுப்பேன்.”

இப்பேச்சில் அரிய சொல் எதுவும் இல்லை. ஆயினும், வழக்கமாக நடப்பது, முன்பு நடந்தது, இனி நடக்கப்போவது என மூன்றும் இடம்பெற்றுள்ளன. ஆங்கிலத்தில் கூறும்போது மூன்று காலங்களையும் கையாளும் வாய்ப்பு தானாகவே அமைகிறது. அறுந்த நூலும் அப்பாவின் சிரிப்பும் வேறு எவரிடமும் இல்லாதவை. அவை அந்த மாணவருக்கே உரியவை.

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கு

நாம் தமிழில் எண்ணுகிறோம். அது குறையன்று. எண்ணத்தை மாற்றிச் சொல்லும்போது சில இடங்களில் மட்டும் விழிப்பு தேவை.

முதலாவது, காலம். ‘சனிக்கிழமைகளில் மீன் பிடிப்பேன்’ என்று வழக்கத்தைச் சொல்லத் தமிழில் எதிர்கால வினையைப் பயன்படுத்துகிறோம். அதை அப்படியே ‘ஐ வில்’ என்று தொடங்கினால், இனிமேல்தான் செய்யப்போகிறேன் என்று பொருளாகிவிடும். ‘ஐ ஆம் கோயிங்’ என்றால் இப்பொழுது போகிறேன் என்றாகும். வழக்கத்திற்கு ஆங்கிலத்தில் உரியது ‘ஐ கோ’ என்னும் எளிய நிகழ்காலமே.

இரண்டாவது, விகுதி. போகிறேன், போகிறாய், போகிறார் எனத் தமிழ் வினைமுற்று எழுவாய்க்கு ஏற்ப மாறும். ஆங்கிலப் பொதுவினைகளின் எளிய நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டுமே மாற்றம் உண்டு. ‘மை ஃபாதர் கோஸ்’ என்பதில் வரும் அந்த ஈற்று ஒலியை விட்டுவிடக்கூடாது.

மூன்றாவது, தொழிற்பெயர். மீன்பிடித்தல், ஓவியம் தீட்டுதல் ஆகியவற்றை நாம் இலக்கணப் பாடத்தில் படித்திருக்கிறோம். ‘ஃபிஷிங்’, ‘பெயிண்டிங்’ என்னும் ஆங்கில வடிவங்கள் இவற்றுக்கு இணையானவை. ‘என்ஜாய்’ என்னும் வினையை அடுத்து இவ்வடிவமே வரும்.

நான்காவது, எழுவாய். ‘எனக்கு மீன்பிடித்தல் பிடிக்கும்’ என்பதில் ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை ஏற்றது. ஆங்கிலத்திலோ ‘ஐ லைக்’ என விரும்புபவரே எழுவாயாக வருவார். மேலும், தமிழில் ‘எழுந்து, குளித்து, புறப்பட்டு, ஆற்றுக்குப் போய்’ என வினையெச்சங்களைத் தொடுத்து நீண்ட வாக்கியம் அமைக்கலாம். ஆங்கிலத்தில் அதை இரண்டு மூன்று சிறு வாக்கியங்களாகப் பிரித்தால் தடுமாற்றம் குறையும்.

சொல் தெரியாவிட்டால்

தூண்டில் முள் ‘ஹுக்’, தக்கை ‘ஃப்ளோட்’, இரை ‘பெய்ட்’. நம் பொழுதுபோக்குக்கு உரிய பத்துச் சொற்களை முன்கூட்டியே அகராதியில் பார்த்து வைத்துக்கொள்வது நன்று. தேர்வு நேரத்தில் ஒரு சொல் நினைவுக்கு வராவிட்டால் மௌனமாகிவிட வேண்டாம். மங்குக்கு ஆங்கிலச் சொல் தெரியாதவர், ‘ரப்பர் மரத்தில் கட்டிய சிறு கிண்ணம், அதில் பால் வடியும்’ என்று விளக்கலாம். தெரியாத ஒன்றைத் தெரிந்த சொற்களால் விளக்குவதும் மொழித்திறனே.

இருவர் பேசும்போது

மூன்றாம் பகுதி போட்டி மேடை அன்று. ‘விடுமுறையில் இளையோருக்கு மிகவும் ஏற்ற பொழுதுபோக்கு எது?’ என்பது போன்ற தலைப்பில் இருவரும் சேர்ந்து ஆராய வேண்டும். இணையர் சொல்வதைச் செவிமடுத்து, “நீ சொல்வது சரி, ஆனால் அதற்குச் செலவாகுமே, உன் கருத்து என்ன?” என்ற முறையில் பேச்சை வளர்க்கலாம். இணையர் திணறினால் ஒரு கேள்வி கேட்டு அவரையும் பேச்சுக்குள் கொண்டுவரலாம். இவ்வாறு பேச்சைப் பகிர்ந்துகொள்வதும் கருத்துப் பரிமாற்றத் திறனைச் சார்ந்ததே.

மொழி, பொருளை ஏற்றிச் செல்லும் வண்டி. வண்டியை மட்டும் மெருகேற்றிக்கொண்டிருந்தால் ஏற்றுவதற்கு எதுவும் இராது. தோட்டத்திலும் ஆற்றங்கரையிலும் திடலிலும் நமக்கென்று ஏராளமான சரக்கு இருக்கிறது. அதைச் சிறிய வாக்கியங்களில், தெளிவான குரலில், நாள்தோறும் ஒரு நிமிடம் பேசிப் பழகுவோம். சொல்ல ஒன்று உள்ளவருக்கே சொற்கள் துணை வரும்.

பயிற்சிகள்

1. ஆயத்தப் பதிலை மனனம் செய்வதால் ஏற்படும் சிக்கல் யாது?
2. பழக்கத்தைக் கூறும்போது தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் இடையிலுள்ள கால வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்கிடுக.
3. ‘தோட்டத்துப் பழம்பொருள்களைச் சேகரிப்பதும் சிறந்த பொழுதுபோக்கே.’ இக்கூற்றை நீர் ஏற்கின்றீரா? காரணங்களுடன் எழுதிடுக.
4. உமது பொழுதுபோக்கைப் பற்றிப் பத்து வாக்கியங்களில் தமிழில் எழுதிடுக. பின்னர் அதனை ஒரு நிமிடத்தில் ஆங்கிலத்தில் நண்பரிடம் பேசிக் காட்டிடுக. நண்பர் உம்மிடம் இரண்டு தொடர்கேள்விகள் கேட்கட்டும்.